ஜனவரி 6 வரை நீளும் ஸ்பானியக் கிறிஸ்துமஸ்

ஸ்பெயினில் கிறிஸ்துமஸ் பார்க்க ஆசைப்பட்டுப் போகிறவர்களில் பலர் டிசம்பர் 27-க்கே திரும்பும் விமானத்துக்குப் பதிவு செய்துவிடுகிறார்கள். பாயசம் வருவதற்குள் இலையை மடித்து எழுந்த கதைதான். அங்கே பண்டிகைக் காலம் டிசம்பர் 8, அமலோற்பவ அன்னை திருநாளை ஒட்டித் தொடங்கி, ஜனவரி 6 மூவரசர் திருநாளில்தான் முடிகிறது. குழந்தைகள் வருடம் முழுக்கக் காத்திருப்பது அந்தக் கடைசி நாளுக்கு. சிவப்புச் சட்டைத் தாத்தாவும் இப்போது பல வீடுகளுக்கு வருகிறார். 25-ஆம் தேதி ஏதோ ஒரு சின்னப் பொட்டலம் வைத்துவிட்டுப் போகிறார். ஆனால் கடிதம் எழுதப்படுவது, ஊர்வலம் நடப்பது, பள்ளி விடுமுறை நீளுவது எல்லாம் குழந்தை இயேசுவைக் காண வந்த மெல்கியோர், காஸ்பார், பல்தாசர் என்ற மூன்று ராஜாக்களுக்காக. ஜனவரி 6 நாடு முழுவதும் அரசு விடுமுறை. மறுநாள் கடைகளில் தள்ளுபடி விற்பனை.

ஆகவே இந்தப் பருவத்தைப் புரிந்துகொள்ள ஜனவரி 6-இலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். குடில் கட்டுகிறவர் அப்படித்தான் எண்ணுகிறார், ரொட்டிக் கடைக்காரரும் அப்படித்தான்.

நடுவில் மதத்தோடு நேரடித் தொடர்பில்லாத ஒரு சடங்கு இருக்கிறது. அதை விட்டுவிட்டால் கணக்கு சரியாக வராது. டிசம்பர் 22 காலை நடக்கும் லாட்டரிக் குலுக்கல். 1812-இல் காதிஸ் நகரில் தொடங்கியது. சான் இல்தெஃபோன்ஸோ என்ற மாட்ரிட் பள்ளியின் மாணவ மாணவியர் எண்ணையும் பரிசுத் தொகையையும் ராகம் போட்டுப் பாடுவார்கள்; மணிக்கணக்கில் அதே ராகம். சீட்டின் பத்தில் ஒரு பங்கு 20 யூரோ. முதல் பரிசு விழுந்தால் அந்தப் பங்குக்கு 4,00,000 யூரோ. முதல் 40,000-க்கு வரி இல்லை, மீதிக்கு 20 சதவீதம். கையில் வருவது 3,28,000. அலுவலகத்தில் எல்லோரும் ஒரே எண்ணைப் பகிர்ந்து வாங்குவதற்கு ஆசையைவிட பயமே காரணம்: பக்கத்து மேசைக்காரருக்கு விழுந்து நமக்கு விழாமல் போனால்? பங்கு பிரிப்பவர்கள் சீட்டின் நகலில் யாருக்கு எவ்வளவு என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பி வைப்பது நல்லது. பரிசு விழுந்த பிறகு வாய்மொழி ஒப்பந்தம் நீதிமன்றத்தில் போய் நிற்கும்.

இனி குடில். அங்கே அதற்குப் பெயர் பெலென். நம்மூர்க் கத்தோலிக்க வீடுகளில் வைக்கும் குடிலுக்கு இது உறவுதான், ஆனால் அளவில் வேறு. நாம் பெரும்பாலும் மாட்டுத் தொழுவத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். ஸ்பானியர்கள் ஒரு ஊரையே கட்டுகிறார்கள்: ஆறு, பாலம், தண்ணீர் ஆலை, ரொட்டி அடுப்பு, துணி துவைக்கும் பெண், மேய்ப்பர்கள், மலையுச்சியில் ஏரோது மன்னனின் அரண்மனை. அசிசியின் பிரான்சிஸ் 1223-இல் கிரெச்சோவில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் வைத்துக் காட்டிய காட்சிதான் மூலம். அதை மாளிகைக் கலையாக வளர்த்தது நேப்பிள்ஸ். நேப்பிள்ஸை ஆண்டுகொண்டிருந்த மூன்றாம் கார்லோஸ் 1759-இல் ஸ்பெயினின் அரசனானபோது அந்த மோகமும் அவனோடு மாட்ரிட் வந்தது. முர்சியாவில் பிரான்சிஸ்கோ சால்ஸில்யோ என்ற சிற்பி ஐந்நூறுக்கும் மேற்பட்ட உருவங்களோடு செய்த பெலென் இன்றும் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் பெத்லகேம் மக்கள் பதினெட்டாம் நூற்றாண்டு முர்சியா விவசாயிகளின் உடையில்தான் நிற்கிறார்கள். குடில் கட்டும் கலையை 2022-இல் ஸ்பானிய அரசு தன் அருவப் பண்பாட்டு மரபாக அறிவித்தது.

வீட்டில் கட்டுகிறவர்கள் டிசம்பர் 6 முதல் 8 வரையிலான நாட்களில் வேலையைத் தொடங்குவார்கள். 6 அரசியலமைப்பு நாள், 8 அமலோற்பவம், இரண்டும் விடுமுறை. நடுவே ஒரு நாள் விடுப்பு எடுத்தால் நீண்ட ஓய்வு.

முதலில் முடிவு செய்ய வேண்டியது உருவங்களின் உயரம். கடையில் அழகாக இருக்கிறதே என்று ஒன்று 8 செ.மீ., ஒன்று 12 செ.மீ. என வாங்கி வந்து பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் மேய்ப்பனைவிட ஆடு உயரமாகிவிடும். அளவு கலக்கலாம், ஆனால் ஆழத்துக்கு ஏற்பக் கலக்க வேண்டும். முன்வரிசையில் 12, நடுவில் 8, பின்னால் மலைச்சரிவில் 5 அல்லது 6 செ.மீ. உருவங்கள். அப்போது 60 செ.மீ. ஆழமுள்ள மேசை ஒரு பள்ளத்தாக்கு போலத் தெரியும். ஏரோது அரண்மனை பின்னால் உயரத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான். அதைச் சின்னதாகக் கட்டினால்தான் தொலைவு தெரியும். கதவுகள் உருவத்தைவிட நாலில் ஒரு பங்கு உயரமாக இருக்கட்டும்: 12 செ.மீ. ஆள் என்றால் கதவு 15 செ.மீ. புதிதாகக் கட்டுகிறவர்கள் தவறாமல் செய்யும் பிழை, வீட்டின் உரிமையாளர் தன் வீட்டுக்குள் குனிந்துகூட நுழைய முடியாத அளவுக்குக் கதவை வைப்பது.

கட்டடங்களுக்குத் தெர்மாகோல் அல்லது அதைவிட அடர்த்தியான நுரைப்பலகை, 2 முதல் 3 செ.மீ. தடிமன். கல் அடுக்கின் கோடுகளை மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவால் அழுத்தி வரையலாம். மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூச்சு. கிண்ணத்தில் முதலில் தண்ணீர், பிறகு பொடி. பொடியைக் கையால் தூவிக்கொண்டே வர, தண்ணீருக்கு மேல் சின்னத் தீவு போல எழும்பும். அங்கே நிறுத்த வேண்டும். ஒரு நிமிடம் ஊறவிட்டு மெதுவாகக் கலக்க வேண்டும். வேகமாக அடித்தால் காற்றுக் குமிழி புகுந்து, காய்ந்ததும் சுவரில் அம்மைத் தழும்பு. கலந்தது பத்து நிமிடத்துக்குள் இறுகத் தொடங்கும். இறுகுகிறதே என்று மறுபடி தண்ணீர் விட்டால் உதிர்ந்துபோகும். கொட்டிவிட்டுப் புதிதாகக் கலப்பதே வழி. வண்ணத்துக்கு அக்ரிலிக். முதலில் நீர்த்த அடர்பழுப்பு, அது கோடுகளுக்குள் இறங்கிக் காய்ந்த பிறகு உலர்ந்த தூரிகையில் வெளிர்மஞ்சளைத் தொட்டு மேடுகளில் மட்டும் தேய்ப்பது. ஸ்பிரே பெயின்டை நுரைப்பலகையின் மேல் நேராக அடித்தால் அதிலுள்ள கரைப்பான் பலகையைத் தின்றுவிடும். அரண்மனை உருகி வழிவதைப் பார்த்த பிறகு யாரும் இதை மறப்பதில்லை.

பாறைகளுக்குத் தக்கைமரப் பட்டை. ஸ்பெயினின் தென்மேற்கில் விளைகிற பொருள், டிசம்பர் சந்தைகளில் துண்டு துண்டாகக் கிடைக்கும். மரங்களுக்குக் காய்ந்த தைம், ரோஸ்மேரிக் கொப்புகள். பாசி விஷயத்தில் மட்டும் கவனம். பழைய காலத்தில் காட்டுக்குப் போய்ப் பெயர்த்து வருவார்கள். பாசி மறுபடி படர வருடங்கள் ஆகும் என்பதால் பல மாநிலங்களில் அனுமதியின்றி எடுப்பது இப்போது தடை, அபராதமும் உண்டு. எடுத்து வந்தாலும் சூடேற்றிய அறையில் ஒரே வாரத்தில் பழுப்பாகும். தண்ணீர் தெளித்தால் பூஞ்சை பிடிக்கும், அடியில் போகும் மின்கம்பிக்கும் ஆபத்து. பச்சைச் சாயமிட்ட மரத்தூளே போதும்.

ஆற்றுக்கு அலுமினியத் தாள்தான் பாட்டி காலத்து வழி. கசக்கி, பாதி விரித்து, ஓரங்களை மணலால் மறைத்தால் மங்கிய வெளிச்சத்தில் மோசமில்லை. மீன்தொட்டிப் பம்ப் வைத்து உண்மைத் தண்ணீரை ஓடவிட ஆசைப்படுகிறவர்கள், உருவங்களை வைப்பதற்கு முன் ஒரு முழு நாள் வெறுமனே ஓடவிட்டுக் கசிவு பார்க்க வேண்டும். சுடாத களிமண் உருவம் தெறிக்கும் துளியில் கரையும். ரெசின் ஊற்றுகிறவர்கள் 2, 3 மி.மீ. அடுக்குகளாக ஊற்றட்டும். ஒரே தடவையில் தடிமனாக ஊற்றினால் சூடேறி வெடிப்பு விடும், அடியிலிருக்கும் நுரைப்பலகையும் குழிந்துபோகும்.

குழந்தை இயேசுவின் தொட்டில் பல வீடுகளில் 24 நள்ளிரவு வரை காலியாகவே இருக்கும். மூவரசர்கள் அன்று இன்னும் ஊருக்கே வந்திருக்கமாட்டார்கள். மேசையின் கடைக்கோடியில், சில வீடுகளில் பக்கத்து அறைப் புத்தக அலமாரியில்கூட, ஒட்டகங்களோடு நிற்பார்கள். 25 முதல் ஜனவரி 6 வரை 12 நகர்த்தல்கள். பாதை ஒன்றரை மீட்டர் என்றால் ஒரு நாளைக்கு 12, 13 செ.மீ. ஆர்வத்தில் குழந்தைகள் முதல் மூன்று நாளிலேயே ராஜாக்களைத் தொழுவ வாசலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பாதையில் சிறு கூழாங்கற்களால் 12 அடையாளங்கள் பதித்துவிட்டால் இந்தச் சண்டை இருக்காது.

கத்தலோனியாவுக்குப் போனால் குடிலில் இன்னொரு ஆள் இருப்பான்: சிவப்புத் தொப்பி, வெள்ளைச் சட்டை, கால்சட்டையை இறக்கிவிட்டுக் குத்தவைத்து மலம் கழிக்கும் விவசாயி. பெயர் ககனேர். கேலி என்று நினைத்து முகம் சுளிக்க வேண்டாம்; மண்ணுக்கு உரமிடுகிறான், வரும் ஆண்டு விளைச்சல் நன்றாக இருக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். தொழுவத்துக்கு அருகில் வைப்பது மரியாதைக் குறைவு. புதருக்குப் பின்னாலோ பாலத்தடியிலோ ஒளித்துவைத்தால் வீட்டுக்கு வரும் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிப்பார்கள். பார்சிலோனா தேவாலயத்தின் எதிரே நடக்கும் சாந்தா லூசியா சந்தை 1786 முதல் இருப்பது. அங்கே அரசியல்வாதிகளும் கால்பந்து வீரர்களும் இதே கோலத்தில் விற்பனைக்கு இருப்பார்கள். 2005-இல் பார்சிலோனா நகராட்சி தன் பொதுக்குடிலில் ககனேரை வைக்காமல் விட்டது. பெரிய எதிர்ப்பு கிளம்ப, அடுத்த ஆண்டு அவன் திரும்பி வந்தான்.

அதே ஊர்க்காரர்களின் இன்னொரு வழக்கம் தியோ. ஒரு மரக்கட்டைக்கு முன்னங்கால்களாக இரண்டு குச்சிகள், முகம், அதே சிவப்புத் தொப்பி. டிசம்பர் 8 முதல் குழந்தைகள் அதற்குத் தினமும் ஆரஞ்சுத் தோல், ரொட்டித்துண்டு, கொட்டை ஊட்டிக் குளிராமல் போர்வையும் போர்த்துவார்கள். இரவில் தட்டைக் காலி செய்வது பெரியவர்கள் பொறுப்பு. மறந்தால் மறுநாள் காலை அழுகை. கிறிஸ்துமஸ் முன்னிரவிலோ 25 பகலிலோ குச்சியால் அடித்துக்கொண்டே பாட, போர்வைக்கு அடியில் மிட்டாய், தூரோன் என்ற பாதாம் இனிப்பு, சிறு பொருட்கள் ‘விழுந்திருக்கும்’. நுணுக்கம் இதில்தான்: அடிப்பதற்கு முன் குழந்தைகளை அடுத்த அறைக்கு அனுப்ப ஒரு காரணம் வேண்டும். குச்சியை அடுப்பருகே சூடாக்கி வா, ஒரு ஜெபம் சொல்லிவிட்டு வா என்பார்கள். அந்த இடைவெளியில் பொருட்களைப் போர்வைக்குள் திணிக்க வேண்டும். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு வெங்காயமோ உப்புக்கண்ட மீனோ விழுந்தால் கட்டை காலி, ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். பெரிய பரிசுகளை இதிலிருந்து எதிர்பார்க்கக் கூடாது. அவற்றைக் கொண்டுவருவது ராஜாக்கள்.

தூரோன் பற்றி இரண்டு வரி. பாதாமும் தேனும் சேர்ந்த பட்டை. அலிகாந்தே வகை கெட்டி, முழுப் பாதாம். ஹிஹோனா வகை அரைத்துக் கிளறிய மென்மை. உயர்தரத்துக்குக் கெட்டியில் குறைந்தது 60 சதவீதமும் மென்மையானதில் 64 சதவீதமும் பாதாம் இருக்க வேண்டும். பெட்டியின் பின்புறத்தைப் படித்து வாங்குங்கள். ஹிஹோனா வகையில் எண்ணெய் பிரிந்து நிற்பது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. பாதாம் நிறைய இருப்பதன் அடையாளம்.

டிசம்பர் 24 இரவு, நோச்சேபுவேனா, முழுக்கக் குடும்பத்துக்கானது. மாலைக்குப் பிறகு உணவகங்கள் பெரும்பாலும் மூடிவிடும். சுற்றுலாப் பயணிகள் பட்டினி கிடக்கும் இரவு இது. 9 மணிக்குத் தொலைக்காட்சியில் மன்னரின் உரை, பிறகு சாப்பாடு. இறாலும் மற்றக் கடலுணவும் இல்லாத மேசை அரிது. பண்டிகை வாரத்தில் விலை ஏறும் என்பதால் நவம்பரிலேயே வாங்கி உறையவைப்பார்கள். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் முழு இரவு வைத்து இளக்க வேண்டும். அவசரத்துக்கு வெந்நீரில் போட்டால் சதை பஞ்சாகும். வேகவைக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 50, 60 கிராம் உப்பு, கடல்நீரைவிடக் கரிக்க வேண்டும். இறாலைப் போட்டு மறுபடி கொதி வந்ததும் ஒன்றிரண்டு நிமிடம், உடனே பனிக்கட்டி நீருக்கு மாற்றம். அந்தக் குளிர்நீரிலும் உப்பிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஏறிய உப்பெல்லாம் இறங்கிவிடும்.

நள்ளிரவில் ‘சேவல் திருப்பலி’. இயேசு பிறந்ததை முதலில் அறிவித்தது சேவல் என்ற நம்பிக்கையிலிருந்து வந்த பெயர். மயோர்க்காத் தீவில் இருப்பவர்கள் அன்று அவசியம் தேவாலயத்துக்குப் போக வேண்டும். சிபிலா பாடல் அங்கே மட்டும் இன்னும் எல்லா ஊர்க் கோயில்களிலும் ஒலிக்கிறது. அங்கி அணிந்த சிறுவனோ சிறுமியோ பெண்ணோ முகத்துக்கு முன் வாளை நிமிர்த்திப் பிடித்து, துணைக்கருவி இல்லாமல், இறுதித் தீர்ப்பு நாளைப் பற்றிப் பாடுவார்கள். இடையிடையே மட்டும் ஆர்கன். முடிவில் வாளால் காற்றில் சிலுவை வரைவார்கள். யுனெஸ்கோ இதை 2010-இல் பட்டியலில் சேர்த்தது. கிறிஸ்து பிறந்த இரவில் உலக முடிவைப் பாடுவது விசித்திரமாகத் தோன்றலாம். எனக்கு இந்தப் பருவம் முழுவதிலும் மிகவும் தீவிரமான கால் மணி நேரம் அதுதான்.

தெற்கே ஹெரெஸ் நகரில் இதற்கு நேர் எதிர். அங்கே டிசம்பர் வாரக்கடைசிகளில் முற்றங்களில் கூடிக் கிறிஸ்துமஸ் பாட்டை ஃபிளமென்கோ தாளத்தில் பாடுவார்கள். கூட்டத்துக்கும் அதில் ஒலிக்கும் கருவிக்கும் ஒரே பெயர், ஸாம்பொம்பா. அடிப்பக்கம் உடைத்த மண்பானையின் வாயில் தோல், தோலின் நடுவில் செங்குத்தாக ஒரு நாணல். தோலை ஊறவைத்து, நாணலின் முனையைத் தோலுக்குள் பொதிந்து நூலால் இறுக்கிக் கட்டி, பிறகு பானை வாயில் இழுத்துக் கட்டி, நிழலில் காயவிட வேண்டும். வெயிலில் காயவைத்தால் கிழியும். ஈரக் கையால் நாணலை மேலும் கீழும் உருவினால் உறுமும். ஓசையே வரவில்லை என்றால் கை காய்ந்திருக்கிறது. மந்தமாக வந்தால் தோல் ஈரத்தில் தளர்ந்திருக்கிறது, அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளிக் காட்டினால் போதும். கூடவே, மேடுபள்ளமான கண்ணாடியுள்ள சோம்புச் சாராய பாட்டிலைக் கரண்டியால் உரசுவதும் வாத்தியம்தான்.

டிசம்பர் 28 மாசற்ற குழந்தைகள் நாள். ஏரோது கொன்ற சிசுக்களின் நினைவு நாள் எப்படியோ ஏமாற்று நாளாகிவிட்டது: முதுகில் காகிதப் பொம்மை ஒட்டுவது, பத்திரிகையில் பொய்ச் செய்தி. அலிகாந்தே மாகாணத்தின் இபி ஊரில் அன்று ஒரு கூட்டம் ‘ஆட்சியைக் கைப்பற்றி’ மாவும் முட்டையும் வீசிக்கொள்ளும். பழைய உடை போட்டுக்கொண்டு போங்கள்.

31 இரவின் பன்னிரண்டு திராட்சைகளில் மதம் இல்லை, ஆனால் அதைத் தவறவிடும் ஸ்பானியர் குறைவு. மாட்ரிட் புவேர்த்தா தெல் சோல் சதுக்கத்தில் 1866 முதல் இயங்கும் கடிகாரம்தான் நாட்டுக்கே தாளம். முதலில் மேலிருந்து உருண்டை இறங்கும், பிறகு நான்கு இரட்டை மணி. இவை கால்மணிக்கான ஒலிகள். அப்போது எதையும் வாயில் போடக் கூடாது. அதற்குப் பிறகு வருவதுதான் பன்னிரண்டு, மூன்று விநாடிக்கு ஒன்று. 1989-இல் நேரலையில் இவற்றை அறிவிப்பாளர் குழப்பிவிட, நாடே தப்பான நேரத்தில் திராட்சை தின்று முடித்தது. அதனால்தான் இன்றுவரை ஒவ்வொரு ஆண்டும் ‘இவை கால்மணிகள்’ என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். சிறிய, விதையற்ற பழமாகப் பார்த்து வாங்க வேண்டும். அலிகாந்தேயின் வினலோபோ பள்ளத்தாக்கில் கோடையிலேயே ஒவ்வொரு குலையையும் காகிதப் பையில் மூடி டிசம்பர் வரை கொடியில் வைத்திருக்கும் அலேதோ வகை பெயர்பெற்றது, ஆனால் அதில் விதை உண்டு; முன்கூட்டியே கீறி எடுத்துவிட வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுப்பழம் கூடவே கூடாது, மூச்சுக்குழாயில் அடைக்கும். நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள். தவறவிட்டவர்களுக்கு ஆறுதல்: கானரித் தீவுகள் ஒரு மணி நேரம் பின்தங்கியவை, இன்னொரு பன்னிரண்டு மணி வரும்.

இப்போது ராஜாக்கள். மத்தேயு நற்செய்தியில் ‘ஞானிகள்’ என்று மட்டும்தான் இருக்கிறது. எத்தனை பேர், என்ன பெயர் என்று இல்லை. பொன், தூபம், வெள்ளைப்போளம் என மூன்று காணிக்கைகள் இருந்ததால் மூவர். ஸ்பானியக் குழந்தை ஒவ்வொன்றும் இவர்களில் ஒருவரைத் தன் ராஜாவாகத் தேர்ந்துகொண்டு அவருக்கே கடிதம் எழுதும். கடைவீதிகளிலும் சதுக்கங்களிலும் ராஜாவின் ஏவலர்கள் உட்கார்ந்து கடிதம் வாங்குவார்கள்.

5-ஆம் தேதி மாலை ஒவ்வொரு ஊரிலும் ஊர்வலம். ஆவணப்படி மிகப் பழையது அலிகாந்தே மாகாணத்தின் அல்கோய், 1866. செவில்லாவில் 1918 முதல். அல்கோயின் சிறப்பு ஏணிகள். பெற்றோர் முன்கூட்டியே பொட்டலத்தில் முகவரி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஊர்வலத்தில் வரும் ஏவலர்கள் வீட்டு முன் ஏணியைச் சாய்த்து, மாடிக்கு ஏறி, குழந்தையின் கையில் பரிசைக் கொடுப்பார்கள். அந்த ஏவலர்கள் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொள்வது பற்றிப் பல ஆண்டுகளாக விவாதம் நடக்கிறது. கறுப்பினத்தவராகக் காட்டப்படும் பல்தாசருக்குச் சாயம் பூசிய வெள்ளையர் எதற்கு, கறுப்பின மனிதர் ஒருவரே வரட்டும் என்று பல நகரங்கள் மாறிவிட்டன. மாறியதே சரி என்பது என் எண்ணம்.

ஊர்வலம் பார்க்கப் போகிறவர்களுக்கு: தேர்களிலிருந்து மிட்டாய் வாரி இறைப்பார்கள், கண்ணாடி அணிந்தவர்கள் கவனமாக நிற்பது நல்லது. குடையைத் தலைகீழாக விரித்து மிட்டாய் பிடிக்கும் ஆட்களைப் பார்ப்பீர்கள். பின்னால் இருப்பவர் பார்வையை மறைப்பதால் திட்டும் வாங்குவார்கள். பைகள் போதும். உருளும் மிட்டாயைத் துரத்திக் குழந்தைகள் சக்கரத்தருகே ஓடுவதுதான் உண்மையான ஆபத்து. ஒவ்வொரு தேரின் பக்கத்திலும் ஆட்கள் நடந்து வருவது அதற்காகவே. வானிலைச் செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்: 2025-இல் மழை எச்சரிக்கையால் செவில்லா தன் ஊர்வலத்தை 4-ஆம் தேதிக்கே முன்னால் கொண்டுவந்தது.

வீடு திரும்பியதும் காலணிகளைத் துடைத்துப் பால்கனி அல்லது ஜன்னலருகே வைக்க வேண்டும். ஒட்டகங்களுக்கு ஒரு வாளித் தண்ணீர், ராஜாக்களுக்கு மூன்று சிறு கோப்பை மதுவும் தூரோனும். காலையில் கோப்பைகள் பாதி காலியாகவும் வாளியைச் சுற்றித் தரை ஈரமாகவும் இருக்க வேண்டியது பெற்றோர் கவனிக்க வேண்டிய நடிப்பு.

குறும்புக்காரப் பிள்ளைக்குக் கரி. சர்க்கரையால் செய்த கரி என்பதால் யாரும் வருந்துவதில்லை. ஒரு முட்டையின் வெள்ளைக்கருவோடு 200 கிராம் பொடித்த சர்க்கரை, சில துளி எலுமிச்சைச் சாறு, கறுப்பு உணவு நிறம் சேர்த்துக் கெட்டிக் குழம்பாக அடித்துக்கொள்ள வேண்டும். வேறு பாத்திரத்தில் 500 கிராம் சர்க்கரை, 150 மி.லி. தண்ணீர், நிறம் சேர்த்துக் காய்ச்சி 125 டிகிரி செல்சியஸ் வந்ததும் அடுப்பை அணைத்து, அந்தக் குழம்பில் இரண்டு பெரிய கரண்டி போட்டு விரைவாகக் கலக்கினால் பாகு பொங்கி எழும். பொங்கும்போதே காகிதம் விரித்த அச்சில் கொட்டி, ஆறியதும் உடைக்கலாம். சின்னப் பாத்திரம் என்றால் அடுப்பெல்லாம் வழியும். பாகின் அளவைப்போல மூன்று மடங்கு கொள்ளும் பாத்திரம் வேண்டும். பாகு பதம் குறைந்தால் இறுகாமல் பிசுபிசுக்கும். வெகுநேரம் கலக்கினால் நுரை அடங்கித் துளைகள் இல்லாமல் போகும், கரி போலவே இருக்காது.

6-ஆம் தேதி காலையின் உணவு ரொஸ்கோன், வளைய வடிவ இனிப்பு ரொட்டி. கடைகளில் முன்பதிவு செய்யாதவருக்கு அன்று கிடைப்பது கடினம். பேரங்காடிப் பெட்டியில் வருவதில் நிறமும் சர்க்கரையும் இருக்கும், மணம் இருக்காது. வீட்டில் செய்ய ஒன்றரை நாள் ஒதுக்க வேண்டும்.

முந்தைய இரவு 100 கிராம் புரத அளவு கூடிய ரொட்டி மாவு, 60 மி.லி. பால், 3 கிராம் ஈர ஈஸ்ட் பிசைந்து உருட்டிக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். அதே நேரத்தில் 150 மி.லி. பாலில் ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைத் தோல், பட்டை ஒரு துண்டு போட்டுக் கொதிக்கவிட்டு மூடி வைக்க வேண்டும். தோலின் வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசக்கும். மறுநாள் அந்தப் பாலை வடிகட்டி 110 மி.லி. அளந்து, 350 கிராம் மாவு, 2 முட்டை, 80 கிராம் சர்க்கரை, 15 கிராம் ஈர ஈஸ்ட், 5 கிராம் உப்பு, ஆரஞ்சுப்பூ நீர் 20 மி.லி., ரம் ஒரு மேசைக்கரண்டி, துருவிய தோல், முந்தைய நாள் உருண்டை எல்லாம் சேர்த்துப் பிசைய வேண்டும். உலர் ஈஸ்ட் என்றால் மூன்றில் ஒரு பங்கு. 70 கிராம் வெண்ணெயைக் கடைசியில்தான், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் மாவில் இழை பிடிக்காது.

இரண்டு இடங்களில் பலர் தோற்கிறார்கள். ஒன்று, ஆரஞ்சுப்பூ நீருக்குப் பதில் செறிவூட்டிய எசன்ஸை அதே அளவு ஊற்றுவது. ரொட்டி முழுக்க வாசனைச் சோப்பு. எசன்ஸ் என்றால் சில துளிகள்தான். இரண்டு, மாவு கையில் ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மாவு தூவுவது. இந்த மாவு ஒட்டத்தான் செய்யும். பத்து நிமிடம் மூடிவைத்து, ஒரு நிமிடம் பிசைந்து, மறுபடி மூடிவைத்து என நாலைந்து முறை செய்தால் தானாக வழவழப்பாகும். மாவு கூட்டினால் கிடைப்பது ஜனவரி 6 மாலைக்குள் கல்லாகிவிடும் ரொட்டி.

இரு மடங்காக உப்ப, குளிர்ந்த வீட்டில் மூன்று மணி நேரம்கூட ஆகும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பார்க்க வேண்டும். பிறகு உருட்டி, நடுவில் விரலால் துளையிட்டு, பெரிய வளையமாக இழுக்க வேண்டும். துளை குறைந்தது 12 செ.மீ.; உப்பும்போதும் வேகும்போதும் சுருங்கும். நடுவில் எண்ணெய் தடவிய அடுப்புக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் மூடிக்கொள்ளாது. இரண்டாம் முறை ஒன்று முதல் இரண்டு மணி நேரம். விரலால் மெல்ல அழுத்தினால் குழி மெதுவாக நிரம்ப வேண்டும். நிரம்பாமல் அப்படியே நின்றால் அளவு மீறிவிட்டது, முட்டை பூசும்போதே அமுங்கும். அடித்த முட்டையை மென்மையான தூரிகையால் பூசி, சர்க்கரைப் பாகில் ஊறிய பழத்துண்டுகளையும், சில துளி தண்ணீரில் பிசிறிய சர்க்கரையையும் மேலே வைக்க வேண்டும். ஈரமில்லாத சர்க்கரை அடுப்பில் உருகி மறைந்துவிடும். 180 டிகிரியில் 18 முதல் 22 நிமிடம். மேல்புறம் சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளால் மூடலாம்.

உள்ளே ஒரு சிறு உருவமும் ஒரு உலர்ந்த அவரை விதையும் ஒளிந்திருக்கும். பீங்கான் உருவம் என்றால் சுடுவதற்கு முன்பே திணிக்கலாம். பிளாஸ்டிக் என்றால் ஆறிய பிறகு அடிப்பக்கத்தில் கீறி நுழைக்க வேண்டும். உள்ளே பொருள் இருக்கிறது என்று மேசையில் சொல்லிவிடுவது பல்லுக்கு நல்லது. உருவம் கிடைத்தவருக்குக் காகிதக் கிரீடம், அவரை கிடைத்தவர் ரொஸ்கோனுக்குப் பணம் தர வேண்டும். அவரையைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும் மாமாக்கள் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. கிரீம் நிரப்புவதானால் 35 சதவீதத்துக்கு மேல் கொழுப்புள்ளதாக, நன்கு குளிர்ந்ததாக இருக்க வேண்டும். ரொட்டி முழுதும் ஆறிய பிறகே குறுக்கே அறுக்க வேண்டும். நிரப்பியது அன்றே தீர வேண்டும். நிரப்பாதது மறுநாள் காய்ந்தால், வாட்டி வெண்ணெய் தடவிக் கெட்டியான சூடு சாக்லேட்டில் தோய்த்துச் சாப்பிடலாம். அதற்காகவே வேண்டுமென்று இரண்டு வளையங்களாகச் செய்வோரும் உண்டு.

குடிலைப் பிரிக்க 7-ஆம் தேதியே தொடங்கலாம். சில வீடுகளில் பிப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த திருநாள் வரை விட்டுவைப்பார்கள். களிமண் உருவங்களை உலர்ந்த மென்தூரிகையால் மட்டும் தூசி தட்ட வேண்டும், ஈரத்துணி வண்ணத்தை எடுத்துவிடும். செய்தித்தாளில் சுற்றினால் மை ஒட்டும். வெள்ளை மெல்லிய தாளே நல்லது. ஒட்டகங்களின் கால்கள்தான் முதலில் உடைபவை, அவற்றைத் தனிப் பெட்டியில் படுக்கவைத்து, கால்களுக்கு நடுவே தாளை உருட்டித் திணித்து மூடுங்கள். பம்ப் வைத்திருந்தால் தண்ணீரை முழுதும் வடித்து, பிரித்துக் காயவைத்த பிறகே உள்ளே வைக்க வேண்டும்.